பூட்டு இருந்த இடம்

திங்கள், தண்ணீர் மாற்றும் நாள்.
பதினொரு நீலத் தொட்டிகள்.
பழைய நீரைச் சோதனைக் குழாயில் அள்ளி
வெள்ளி நைத்திரேற்று ஒரு சொட்டு விட்டால்
பால் திரிந்ததுபோல் வெண்மை.
இன்னும் இறங்குகிறது உப்பு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள்.
மரக் கப்பி அதைத்தான் செய்கிறது;
முந்நூறு வருஷம் குடித்த கடலை
மூன்று வருஷமாய் எங்களிடம்
கொஞ்சம் கொஞ்சமாய் ஒப்புக்கொள்கிறது.
நான் குறிக்கிறேன்:
தொட்டி நான்கு, நூற்றெழுபது.
போன கிழமை நூற்றெண்பத்திரண்டு.
கரண்ட் இல்லாத மாதங்களின் பக்கங்கள் வெறுமை.
வடித்த நீர் தீர்ந்து
கறுவாத்தோட்டத்து மழையை
வாளியில் ஏந்தினோம் அப்போது.

இன்று வேறொரு வேலையும் உண்டு.
ஜயலத் முக்குளித்துக் கொண்டுவந்த முண்டு,
சிப்பியும் மணலும் துருவும் கூடிக் கல்லானது.
ஊடுகதிர்ப் படத்தில் நடுவே ஒரு கறுப்பு.
"இரும்பு கரஞ்சி போய்ட்டு," என்றாள் ரிஃப்கா,
"அது கெடந்த எடம் மட்டுந்தான் மிச்சம்."
வெள்ளியன்று ஊசித் துளையால்
அந்த இடத்துக்குள் பிசின் வார்த்தோம்.
பல்வைத்தியரின் துளைகருவியால் ஓட்டைக் கொத்திக் கொத்தி
மத்தியானம் சோறு ஆறிய பிறகு
வெளியே வந்தது ஒரு பூட்டு.
பூட்டியபடி.

எதைக் காத்தது? பெட்டி இல்லை.
திறப்பு யாருடைய இடுப்போடு போனதோ.
ஜயலத் தன் மோட்டார்சைக்கிள் திறப்பைத்
துவாரத்துக்கு நேரே பிடித்துச் சிரித்தான்.
பிறகு, என்னவோ,
சட்டைப்பைக்குள் அவசரமாய்ப் போட்டான்.

படிவம் மூன்று மொழியில்.
தமிழ் வரியில் 'பொருள்' என்றொரு கட்டம்.
இரும்பு என்று எழுதப் போனேன்;
ஒரு குண்டுமணி இரும்பும் அதில் இல்லை.
பிசின் என்றால்,
அது போன செவ்வாய் புறக்கோட்டையில் வாங்கியது.
பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுக்
கைகழுவி வெளிக்கிட்டேன்.

வெள்ளவத்தை. தண்டவாளத்துக்கு அப்பால் கடல்.
என் வாடகை அறையின் யன்னல் கம்பிகளுக்கு
வீட்டுக்காரி வருஷத்தில் இரண்டு தரம்
பெயின்ற் அடிப்பாள், துருவின் மேலேயே.
தட்டிப் பார்த்ததில்லை ஒருநாளும்.
இன்றிரவு நகத்தால் கீறினேன்:
நீலம்,
நீலத்தின் கீழ் பச்சை,
பச்சையின் கீழ் எனக்கு முன் இருந்தவர்களின் வெள்ளை,
அதற்கும் கீழே
விரல் போயிற்று.