அரைவாசி

கொப்பியின் இடப்பக்கம்: போனது.
வலப்பக்கம்: வந்தது.
டொக்டர் எழுதச் சொன்னவர்.
நான் ஒரு புடவைக்கடைக்குக் கணக்குப் பார்க்கிறவள்;
இரண்டு பக்கமும் சரிவந்தால்
என் தொழிலில் நிம்மதி.
இங்கே சரிவந்தால்
பிள்ளை பட்டினி.

யதுஷாவுக்கு ஒரு வயதும் பத்து மாதமும்.
கிளினிக் அட்டையில் அவளுடைய கோடு
பச்சையில் நடந்து, செம்மஞ்சளுக்கு இறங்கி,
மூன்று மாதமாய் அங்கேயே குந்தியிருக்கிறது.
மிட்வைஃப் மிஸ் பேனையால் அதில் இரண்டு தரம் தட்டினா.
ஒன்றும் சொல்லவில்லை.

காலை ஏழு பத்து: திரிபோஷ, ஐந்து கரண்டி.
ஏழு இருபத்தைந்து: ஐந்தும்,
இராத்திரிப் பாலும் சேர்ந்து.
பெட்ஷீட், வேலைக்கு உடுத்த சாரி, கைபேசி.
புளித்த மணம்தான் இந்த வீட்டு மணம் இப்போது.
எனக்குத் தெரிவதில்லை,
வருகிறவர்கள் யன்னலைத் திறக்கிறார்கள்,
வெள்ளவத்தைக் கடற்காற்று வரட்டுமாம்.

ஸ்கார்பரோவிலிருந்து மச்சாள்:
நாவூறு, ஓமவோட்டர் குடு.
கீழ்வீட்டு அன்ரி:
மடியில் கிடத்தி மூக்கைப் பிடி, வாய் தானாய்த் திறக்கும்.
ஒருநாள் பிடித்தேன்.
அதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

கரையோர ரயில் போகும்போது கண்ணாடி அதிரும்.
அவள் "கூ" என்பாள்.
அந்தக் கூவுக்குள் ஒரு கரண்டி தள்ளக்
கற்றுக்கொண்டேன்.
ஒரு கிழமைதான்.
பிறகு ரயிலுக்கும் வாயை மூடப் பழகிவிட்டாள்.
அன்றைக்குப் பாத்ரூமில்
பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஸ்கான் எடுத்தாச்சு, இரத்தம் பார்த்தாச்சு.
கரண்டியைக் கொஞ்சநாள் ஒளித்துவையுங்கோ
என்றார் டொக்டர்.
இதற்கா அறுபத்துநாலாம் நம்பர் வரை காத்திருந்தேன்?

சனிக்கிழமை லிஃப்ட் வேலை செய்யவில்லை.
கடைசிப் படியில் வாட்ச்மேன் சோமதிலக
சோற்றுப் பார்சலை மடியில் விரித்திருந்தார்:
பருப்பு, பொல் சம்பல், ஒரு துண்டுக் கருவாடு.
யதுஷா என் கையை விட்டாள்.
போய் முன்னால் நின்றாள்.
"டிக்கக் ஓனத?"
அவளிடம்தான் கேட்டார், என்னிடம் அல்ல.
பருப்பு ஒட்டிய நாலைந்து சோறு,
அவளே எடுத்தாள், அவளே வைத்தாள்.
இன்னொரு தரம்.
உறைக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை,
துவாயை முறுக்கிக்கொண்டு நின்றேன்.
இரண்டு ரயில் போனது.
இரண்டுக்கும் கூ.

மூன்றாவதுக்கு முன்னால் சத்தி.
சோமதிலக எழுந்து
தன் தண்ணீர்ப் போத்தலைச் சரிக்கப் போனார்,
"அவுலக் நே, அவுலக் நே" என்றபடி.
பொறுங்கோ என்று தமிழில் கத்தினேன்.
குனிந்து பார்த்தேன்.
கணக்குக்காரி புத்தி.

அரைவாசிதான் கிடந்தது.

கொப்பி மேலே, நாலாம் மாடியில்.
உள்ளங்கையில் எழுதலாம் என்றால்
கை நடுங்குகிறது.
யதுஷா வாயைத் துடைக்க விடாமல்
இன்னும் அந்தப் பார்சலையே
பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.