ஒட்ட வெட்டுங்கள்

சீப்பு நின்றது.
உச்சிக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கம்.
வலிக்கிறதா சால், என்றேன்.
எது? என்றான்.

அப்போதுதான் உறைத்தது:
இந்தத் தலையை
என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை.

குத்தாயிசியில் முப்பத்தொரு வருடமாக
தலைகளோடு என் பிழைப்பு.
கண்ணாடிக்குத் தெரியாதது என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
அழுத்தினால் மெத்தென்று வழுக்கினால் கொழுப்பு.
அசையவே அசையாமல்
மண்டை மேல் சின்ன மண்டையாய் இருந்தால் எலும்பு.
மயிர்க்கால் அடைத்துப் பையாகிப்போனது
பட்டாணி மாதிரி உருளும்.
ஒரு ரயில் ஓட்டுநருக்கு வந்தது வேறு.
அவருக்கும் வலிக்கவில்லை.
அதைக் கடையில் பேசமாட்டேன்.

ஹேசல் கொட்டை அளவுதான், என்றேன்,
எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடு.
சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.
கத்தரியை மட்டும்
இரண்டு முறை கீழே வைத்து எடுத்தேன்.

பதினோரு நாள்.
பாலத்தடியில் ரியோனி கலங்கி ஓடியது.

பன்னிரண்டாம் நாள் வந்தான்.
வெட்டுவதற்கு ஒன்றும் பெரிதாய் வளர்ந்திருக்கவில்லை.
உட்கார்ந்து, துணியைத் தானே கட்டிக்கொண்டான்.
மயிர்க்கால் பைதானாம். பயமில்லையாம்.
வேண்டுமானால் எடுக்கலாம், அரை மணி வேலை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தான்.
"குடும்பத்தில் வருமாம்.
உங்கப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டார்."

குராம் செத்து ஆறு வருடம்.
கருங்கண் வீட்டில்
இவன் மட்டும் நீலக்கண்ணோடு பிறந்ததை
ஊர் எங்கே உட்கார்ந்து பேசியது என்கிறீர்கள்?
இந்த மூன்று நாற்காலிகளில்தான்.
நான் பெருக்கித் தள்ளினேன்,
மயிரை மட்டும்.

இரண்டு இருந்தன, என்றேன்.
ஒன்று இதே இடம். இன்னொன்று காதுக்கு மேல்.
யாரிடமும் சொல்லாதே என்பார்.
அதற்குத்தான் ஆகஸ்ட் வெயிலிலும் அந்தக் கம்பளித் தொப்பி.
சுற்றி நீளமாக விட்டு
மூடி மூடித்தான் வெட்டுவேன்.

சால் துணிக்கடியிலிருந்து கையை எடுத்தான்.
ஒரே விரலால் அந்த இடத்தைத் தொட்டான்,
யார் வீட்டு வாசலிலோ நின்று
அழைப்புமணியைத் தொடுவதுபோல.

எப்போது எடுக்கிறாய்?

பதில் இல்லை.
முறைக்குக் காத்திருந்தார்கள் மூன்று பேர்,
பழைய ஆட்கள்,
செய்தித்தாளுக்குப் பின்னால்.

"அந்தப் பக்கம்," என்றான்
அவர்களுக்கும் கேட்கும்படி,
"ஒட்ட வெட்டுங்கள்."