முதல் கட்டம்

ஐந்து நாள் மின்வாரியக் கவுண்டர்.
சனிக்கிழமையானால் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி,
மடியில் ஸ்கோர் புத்தகம், காதோரம் பென்சில்.
தக்கலையில் பேஸ்பாலுக்குக் கணக்கெழுத
வேறு ஆள் கிடைக்காததால்
நான்தான் அதிகாரி.

ஒரு ஹிட்டும் கொடுக்காத ஆட்டம்
ஒன்றே ஒன்று எழுதிவிட வேண்டும்.
ஏழு இன்னிங்ஸ். இருபத்தொரு அவுட்.
ஹிட் என்ற தலைப்பின் கீழ் ஒரு பூஜ்யம்,
வளைகுடா போனவர்களின் பூட்டிய வீட்டு மீட்டரில் மட்டும்
நான் பார்த்திருக்கும் சுத்தமான பூஜ்யம்.

குறும்பனையிலிருந்து சகாய றின்சி வந்தாள்.
இடக்கை.
பயிற்சியில் அவள் விட்ட முதல் பந்து
கேட்சரின் கையுறையில் விழுந்த சத்தம் கேட்டு
சாலையில் போன ஐஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார்.
அன்றே புதுப் பென்சில் வாங்கினேன்.

ஜூனில் மார்த்தாண்டத்துக்காரிகள்.
முதல் மட்டை, முதல் பந்து.
மட்டையின் கழுத்தில் பட்டு எம்பி
ஈரத்துணிபோல் விழுந்தது
இரண்டாம் பேஸுக்குப் பின்னால்,
யாருக்கும் பாத்தியமில்லாத இடத்தில்.
நான் இன்னும் தேதியே எழுதி முடிக்கவில்லை.

ஆகஸ்டில் கருங்கல்.
தேதியை முந்தின இரவே எழுதிவைத்தேன்.
கொட்டாவி விட்டபடி வந்த முதல் மட்டைக்காரி
மூன்றாவது பந்தை ரப்பர் மரங்களுக்குள் அனுப்பினாள்.
தேடிப் போனவர்கள்
ஒரு பக்கம் பால் ஒட்டிய பந்தோடு
மெதுவாகத் திரும்பினார்கள்.
அவசரம் என்ன இனி.

நேற்று திருநெல்வேலி அணி.
வேளிமலை மேல் மேகம்.
தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்னப்பெண்.
கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது,
கணக்கெழுதுகிறவள் மூடக் கூடாது.
பந்து தரையோடு உருண்டது.
ஷார்ட்ஸ்டாப்பில் பெல்ஜின் மேரி குனிந்தாள்.
கையுறை சரியான இடத்தில்தான் இருந்தது.
பந்துதான்
ஏதோ சரல் கல்லில் தட்டி
அவள் தோளைத் தாண்டிப் போயிற்று.

ஹிட் என்று எழுதினேன்.
முதல் ஆள், முதல் கட்டம்.
சவத்த வுடு என்று எனக்கே சொல்லிவிட்டு
பாட்டிலைத் திறந்து நாரங்காத் தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு றின்சி யாரையும் விடவில்லை.
இரண்டாமவள், மூன்றாமவள்,
நாலாவது இன்னிங்ஸ், ஐந்தாவது,
தூறல் நின்று மறுபடி தூற,
காற்றை வெட்டிவிட்டு வெட்டிவிட்டுத் திரும்பினார்கள்.
ஆறாவதில் என் கை நடுங்கத் தொடங்கியது.
முதல் கட்டத்தைப் பெருவிரலால் மறைத்துப் பார்த்தேன்.
பக்கம் அழகாக இருந்தது.
விரலை எடுத்தேன்.

முடிந்ததும் கோச் ஞானசிகாமணி
நாற்காலிமேல் சாய்ந்து மெல்லக் கேட்டார்:
"அது எரர்தானே? சரியாப் பாத்தியளா?"
தீர்ப்பு என்னுடையது.
எழுதியது பென்சிலில்தான்,
அழிக்க இந்த ஊரில் ரப்பருக்கா பஞ்சம்.
பின்னாலிருந்து பெல்ஜின் மேரி,
கையுறையை இன்னும் கழற்றாமல்,
"எரர்னே போடுங்கக்கா, எனக்கு ஒண்ணுமில்ல."

ஹிட் ஹிட்தான் என்றேன்,
கவுண்டரில் அபராதம் சொல்லும் அதே குரலில்.

றின்சி வந்தாள், வாயில் பாதிப் பழம்பொரி.
"அக்கா, குளச்சல் பஸ்ஸு அஞ்சு பத்துக்கா, அஞ்சு இருபதுக்கா?"
அஞ்சு பத்து என்றேன். ஓடினாள்.
இப்படி ஒரு ஆட்டம் உண்டென்று
யாருமே அவளிடம் சொல்லியிருக்கவில்லை,
நான் உட்பட.

எல்லோரும் போனபின்
ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்தில் குந்தி
அந்தக் கல்லைத் தேடினேன்.
கிடைத்தது. பக்கத்திலேயே இன்னொன்று.
மழை கழுவிய செக்கச்செவேல் சரல்,
ஒரு கை நிறைய,
எல்லாமே அதுதான்.

அடுத்த சனி குலசேகரத்துக்காரிகள்.
தேதியைக் கடைசியில் எழுதுவதாக இருக்கிறேன்.