ஆறு வெள்ளம் வரும்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்.
பத்தடி தள்ளி, அந்தப் பக்கம்,
வீட்டைக் கொண்டுபோகிற தண்ணீர்.

மெம்பர் வீடியோவில் மலையாளத்தில்தான் சொன்னார்:
நாளைக்கு ஆறு மணிக்குக் குழாயில் வெள்ளம்,
எல்லாரும் பாத்திரம் எடுத்து வைக்கணும்.
அடியில் எழுத்தைப் போட்டது இயந்திரம்:
'நாளைக்கு ஆறு வெள்ளம் வரும். எல்லாரும் பத்திரம்.'
ஏற்று என்ற பொத்தானை அமுக்கியது நான்.
படித்துப் பார்க்கவில்லை.
எனக்குத்தான் காது கேட்குமே.

சம்பூரணத்துக்குக் கேட்காது.
பங்குனி வானம் வெளுத்துக் கிடந்தது.
அணையைத் திறப்பவன் வானத்தைக் கேட்டா திறக்கிறான்
என்று நினைத்திருப்பாள்.
தையல் மெஷினைத் தனியாளாய்ப் பரணில் ஏற்றினாள்.
ஊர்ப் பெண்களின் வெட்டாத ரவிக்கைத் துணிகளை
உரச்சாக்கில் கட்டினாள்.
ராத்திரி முழுக்க டார்ச்சை வாசலில் அடித்து அடித்துப் பார்த்தாள்.

காலை ஆறுக்குத் தெருவில் குடங்களின் வரிசை.
ஒரு கையில் ஆடு, மறுகையில் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு,
குடம் இல்லாமல் வந்து நின்றாள்.
தெரு சிரித்தது.
சத்தம் அவளுக்கு இல்லை, பற்கள் மட்டும்.
ஓடிப்போய்க் குடம் கொண்டுவருவதற்குள்
குழாய் காற்றைத் துப்பியது.
இனி அஞ்சு நாள் கழித்து.

என் கடைக்கு வந்தாள்.
அந்த நொடியில் நிறுத்திய போனை மேஜையில் வைத்தாள்.
தையல் சாக்கட்டியால் பக்கத்திலேயே எழுதினாள்:
எந்த வெள்ளம்?

அதற்கப்புறம் நானே தட்டுகிறேன்.
பதினோரு நிமிஷ கிராமசபைக்கு ஒரு மத்தியானம் போகிறது.
சரிபார்ப்பது அவள்.
பேசுவது யார், பேர் போடு.
சிரிப்பு என்று போட்டிருக்கிறாயே,
யாரைப் பார்த்து?

லாட்டரி விற்கிற கிட்டுச்சாமிக்குக் கண் தெரியாது.
எழுத்தை வைத்து நான் என்ன செய்ய என்றார்.
'ரிசல்ட் வீடியோ போட்டால் ஒரே கீபோர்டு சங்கீதம்.
நம்பரை ஒருத்தனும் வாயால் சொல்வதில்லை.
முதல் பரிசு விழுந்த நேரமெல்லாம்
நான் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.'
மூணு மணிக்கு இப்போது ஒவ்வொரு எண்ணாய்
என் கட்டைக்குரலில் சொல்லிப் பதிகிறேன்.
ஏழை எட்டு என்று ஒருமுறை சொல்லி
வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆடியில் கோரையாறு நிஜமாகவே ஏறியது.
மெம்பர் குடைக்கடியில் நின்று வெள்ளம் வெள்ளம் என்றார்.
தட்டினேன், அழித்தேன், தட்டினேன்.
கடைசியில் இப்படி:
'ஆற்றில். குழாயில் இல்லை. மேட்டுக்குப் போங்கள்.'

தகரக் கூரை இரைச்சலில்
மெம்பர் குரல் யாருக்கும் கேட்கவில்லை.
டீக்கடையில் காது நன்றாயிருந்த ஏழு பேர்
ஒரே போனில் குனிந்து எழுத்தைப் படித்தார்கள்.
கிட்டுச்சாமி போன் அதை வாசித்துச் சொன்னது,
ஆற்றில் என்பதை ஆட்டில் என்று.

சம்பூரணம் ஒரு படம் அனுப்பினாள்:
பரணில் மெஷின்.
அதன்மேல், மூடியோடு,
ஒரு குடம்.