மேல்தட்டில் மட்டும்

பாத்திரம் கழுவும் மெஷினுக்குள்
கொக்கி போட்ட சின்னச் சல்லடைப் பெட்டி.
குழந்தையின் சூப்பான், பாட்டில் ரப்பர்,
சைலா பால் எடுக்கும் கருவியின் வால்வு,
தண்ணீர் அடித்தால் தொலைந்துபோகிற எல்லாம்
அதற்குள்தான்.

நேற்றிரவு ஒரு மூலை காலி.
வில்யாமியின் ஹாக்கிப் பல்லுறையையும் போட்டேன்.
நாறியது, அவ்வளவுதான் காரணம்
என்று சொல்லலாம்.
இந்த வீட்டுக்கு நான் வந்த எட்டு மாதத்தில்
அவன் என்னிடம் பேசியது
"தள்ளு." "சாவி எங்கே."

காலையில் கொக்கியை எடுத்தால்
கிருமி இல்லை.
அவன் பல்லும் இல்லை.
சூட்டில் இளகி, அகன்று,
யார் வாய்க்கும் பொருந்தாத ஒரு சிரிப்பு கிடந்தது.

ஓவுலுவில் மைனஸ் இருபத்தாறு.
பத்து மணிக்கு ஆட்டம்.
கடை திறக்கப் பதினொன்றாகும்.

அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
கெட்டிலைத் தட்டிவிட்டான்.

வெந்நீரில் முக்கி எடுத்து
கடிப்பதற்கு முன் சொன்னான்:
"எண்ணு."

இருபது போதும் என்று அட்டையில் இருந்தது.
அவன் வாயைத் திறக்கவில்லை.
நானும் நிறுத்தவில்லை,
முப்பது, முப்பத்தொன்று,
முப்பத்திரண்டு