பன்னிரண்டாவது நிமிடம்

ஒலிப்பாடம் பதிவுசெய்யச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது.
பாட்காஸ்ட் என்றால் என்னவென்று
தலைமையாசிரியை என்னைக் கேட்டார்,
நான் ஏழாம் வகுப்பைக் கேட்டேன்.
"படம் தெரியாத யூடியூப் சார்" என்றான் தணிகாசலம்.
அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சாக்பீஸ் பெட்டியைக் காலிசெய்து
கைக்குட்டை விரித்து
என் போனைப் படுக்கவைத்தோம்.
மின்விசிறியை நிறுத்தினால் ஒலி சுத்தமாக விழுமாம்.
காட்பாடியில், மார்ச் கடைசியில்
இப்படியொரு யோசனை சொன்னவனை
வகுப்பே திரும்பி முறைத்தது.
விசிறி ஓடியது.

கேட்கப்போவது ஒரே ஆள்தான்.
மெர்லின் சுகந்தி.
மாமாவின் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து
கழிஞ்சூர் வீட்டில்
தொடைவரை மாவுக்கட்டோடு கிடந்தாள்.
அன்றைய பாடம்
குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்குதல்.
நாற்பது நிமிடம் பேசினேன், அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.

இரவு எட்டு மணிக்கு அவள் குரல் வந்தது,
பின்னால் குக்கர் விசில்.
"சார், பன்னண்டாவது நிமிஷத்துல
புரியுதான்னு கேட்டீங்க இல்ல,
அப்போ யாரோ 'இல்ல சார்'னு சொன்னாங்க.
யாரு சார் அது?
எனக்கும் அங்கதான் புரியல."

யாரும் சொல்லவில்லையே.
இருபத்திரண்டு வருடம் வகுப்பில் பழகிய காது,
கடைசி பெஞ்சில் மிட்டாய்த் தாள் பிரித்தாலும்
திரும்பிவிடும்.

மொட்டைமாடிக்குப் போய்
ஒயரைக் காதில் செருகி என்னைக் கேட்டேன்.
இவ்வளவும் மூக்கிலிருந்து வருகிறதென்று
வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.
விசிறி.
பெஞ்சு இழுபடும் சத்தம்.
ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் ஒரு வண்டி.
புரியுதா, புரியுதா, புரியுதா,
எண்ணினால் முப்பத்தொன்று.
ஒவ்வொன்றின் வாலிலும் அடுத்த வாக்கியம்,
நம் ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி.
ஒரு மூச்சுக்கூட இடம் விடவில்லை நான்.
விட்ட அரை மூச்சில்,
பன்னிரண்டாவது நிமிடத்தில்,
நமத்த தீக்குச்சியை உரசியதுபோல்
இல்ல சார்.
அதன்மேல் ஏறிப்போகிறது
என்னுடைய "சரி, அடுத்த கணக்கு".

மறுநாள் வகுப்பில் போட்டுக் காட்டினேன்.
மூன்று முறை.
முப்பத்தாறு பேரும்
"நான் இல்ல சார்" என்றார்கள்.
முப்பத்தாறிலும் இருந்தது
அதே இல்ல சார்.

பலகையில் பழைய கணக்கு, பெட்டிக்குள் போன்.
"புரியுதா?" என்றேன்,
வாயை மூடிக்கொண்டேன்.

அது எவ்வளவு கஷ்டம் என்பது
வாத்தியார்களுக்குத்தான் தெரியும்.
யாரோ இருமினார்கள்.
ஒரு பேனா உருண்டு விழ, இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான்.
சுவருக்கு அப்பால் கூட்ஸ் வண்டி வந்தது,
வந்துகொண்டே இருந்தது.
கடைசிப் பெட்டியும் போனபிறகு
ஹபீபா எழுந்தாள்.
"கடன கடனால பெருக்குனா
எப்பிடி சார் லாபமாவும்?
எங்க வூட்ல அப்பிடி ஆவலியே."

வகுப்பு சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
விதி என்று எழுதி
இரண்டு கோடு போட்டு
வருடாவருடம் நான் தாண்டிய இடம் அது.
"ஏன்னு எனக்கும் சொல்லத் தெரியல,
யோசிப்போம்" என்றேன்.
பெட்டிக்குள் அதுவும் பதிந்தது.

நடுவில் சும்மா கிடக்கும் நாலு நிமிடத்தை
வெட்டிவிடட்டுமா என்றான் தணிகாசலம்.
இருக்கட்டும் என்றேன்.

இன்றைக்குக் குக்கர் சத்தம் இல்லை,
அவள் குரல் மட்டும்.
"சார், கூட்ஸ் போச்சு இல்ல,
சத்தத்த வெச்சே எண்ணிப் பாத்தேன்,
ஐம்பத்தெட்டு பொட்டி. கரெக்டா?
ஹபீபா கேட்டதுக்கு
நானும் படுத்துக்கினே யோசிக்கிறேன்.
அப்புறம் சார்,
அந்த 'இல்ல சார்'
யாருன்னு தெரிஞ்சுதா?"