பல்லைக் கடியுங்கோ

"பல்லைக் கடியுங்கள்," என்றாள் டாக்டர் ரீமா.
கடித்தேன்.
"இன்னும் கொஞ்சம்."
இதில் எனக்கு நல்ல பயிற்சி என்று சொல்லவில்லை.
பராமட்டா, சர்ச் வீதி, மூன்றாம் மாடி.
கீழே கரியில் வாட்டும் கோழியின் வாசம்
கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தது.
காதுக்குக் கீழே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்,
வெள்ளைப் பென்சிலால் கோடு கிழித்து
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.
"கொழுப்பில்லை. எலும்பும் இல்லை.
முழுக்கத் தசை.
எவ்வளவு காலமாக?"

விசா வரும்வரை பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு
என்றார்கள். இருந்தேன்.
வீட்டுக் கடன் சரிவரும்வரை.
மச்சாள் குடும்பம் வேறு வீடு பார்க்கும்வரை.
(பார்த்தார்கள், ஐந்தாம் வருஷம்.)
பகலில் சுங்கச்சாலை அலுவலகத்தில் தொலைபேசி:
இருபது டாலர் தண்டத்துக்கு
என் பரம்பரையையே இழுப்பவர்களிடம்
"உங்கள் சிரமம் விளங்குகிறது,"
நாளைக்கு எழுபது தடவை.
சொல்ல வந்ததை மென்று விழுங்கினால்
விழுங்கியது வயிற்றுக்குப் போகும் என்றுதான் நினைத்திருந்தேன்.
மென்றது இங்கேயே நின்றுவிட்டது.

"தெரியாது," என்றேன் டாக்டரிடம்.
வந்த காரணம் வேறு.
திங்கட்கிழமைக் கூட்டத்தில்
திரையில் பன்னிரண்டு பெட்டி,
என் பெட்டிக்குள் மட்டும் இன்னொரு பெட்டி.

மேசையில் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு.
அதன் வாயைத் திறந்து மூடியபடி சொன்னாள்:
ஊசி என்றால் ஆறு கிழமையில் இளைக்கும்,
ஆறு மாதத்தில் திரும்பி வரப் பார்க்கும்.
நாடிக்குக் கீழ்ச் சதை என்றால்
கரைக்க ஒன்று, உறிஞ்ச ஒன்று. உங்களுக்கு வேண்டாம்.
கத்தி என்றால்
மண்டையோட்டின் மூலையை விரலால் வருடினாள்,
இதைச் சீவ வேண்டும்.
"அது என் வேலையில்லை."

சீவியவளை எனக்குத் தெரியும்.
பக்கத்து மேசை மின்சோ, சியோலில் போய்ச் செய்தாள்.
முகம் இப்போது வெற்றிலைபோல் இறங்குகிறது.
அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்.
கீழுதட்டில் இடப்பக்கம் மட்டும்
இன்னும் ஊர் திரும்பவில்லை.
தேநீர் வழிவது அவளுக்குத் தெரியாது.
நான் என் நாடியைத் தொடுவேன்,
அவள் தன் நாடியைத் துடைப்பாள்.
இரண்டு வருஷமாக இதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

ஊசி போட்டேன். எறும்பு கடித்த மாதிரி.
ஆறாம் கிழமை பெண்டில் ஹில் கடையில்
முருங்கைக்காய் நிறுத்தவர் கேட்டார்:
"மெலிஞ்சு போனியள், ஏதும் வருத்தமோ?"
நாநூற்றைம்பது டாலர்.
ஆட்டிறைச்சி மூன்றாம் துண்டில் தாடை களைத்தது.
மிச்சத்தை மகன் தின்றான்.

இராத்திரிகள் அமைதியாகிவிட்டன.
ஒருநாள் இரண்டு மணிக்குக் கண் விழித்தால்
பகீரதன் முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறார்.
"நித்திரை வரேல்லையோ?"
"உம்மட நறநற இல்லை."
"அதாலை நித்திரை கெடும் எண்டு சொல்லுவியளே."
"அது கேட்டால்தான்
நீர் நித்திரை எண்டு எனக்குத் தெரியும்.
பிறகு மெல்ல எழும்பிப் போய்
காருக்குள்ள கொஞ்சநேரம் இருப்பன்."

பதினாலு வருஷம்.
"காருக்குள்ள என்ன?"
வாயைத் திறந்தார்,
மூடினார்.
யன்னல் சீலைக்கூடாக வந்த தெருவிளக்கில்
அவர் காதுக்குக் கீழே ஏதோ புரண்டது,
பாய்க்கடியில் எலி ஓடுவதுபோல.
கையை வைத்தேன்.
வெள்ளைப் பென்சில் இல்லை, கட்டைவிரல் போதும்.
"பல்லைக் கடியுங்கோ," என்றேன்.

"கடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."